சைத்தி, கஜ்ரி, ஹோரி: ராகம் கேட்பதற்கு முன்

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் "என்ன ராகம்?" என்றுதான் கேட்கும். காசி, மிர்சாபூர் பக்கத்துப் பருவப் பாட்டுகளான சைத்தி, கஜ்ரி, ஹோரியிடம் அந்தக் கேள்வியோடு மட்டும் போனால் பாதி வழியில் நின்றுவிடுவோம். ஒரே மிஸ்ர கமாஜ் ராகத்தில் சைத்தியும் இருக்கும், கஜ்ரியும் இருக்கும், ஹோரியும் இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுபவை வேறு மூன்று: எந்த மாதத்தில் பாடுகிறார்கள், அடியின் நுனியில் என்ன சொல் வந்து விழுகிறது, தாளம் எங்கே நடை மாறுகிறது. இந்த மூன்றும் பிடிபட்டால் ராகம் தானாகத் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் பாட்டு கெட்டுப்போகாது.

மாதத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் ஆட்கள் முதலில் குழம்புவது அங்கேதான். சைத்தி பாடப்படும் சைத் மாதம் நம்முடைய சித்திரை அல்ல. நம் மாதம் சூரியனை வைத்து. அவர்களுடையது சந்திரனை வைத்து. அதிலும் வடக்கே மாதம் பௌர்ணமியோடு முடிகிறது. ஹோலிப் பௌர்ணமி பாகுன் மாதத்தின் கடைசி நாள். மறுநாள் சைத் பிறந்துவிடும். 2024இல் ஹோலி மார்ச் 25, நம் பங்குனி உத்திரமும் அதே நாள்தான். அந்த ஆண்டு சைத் மாதம் மார்ச் 26 முதல் ஏப்ரல் 23 வரை, அதாவது பங்குனி 13இல் தொடங்கி சித்திரை 10இல் முடிந்தது. ஆகவே சைத்தியைப் 'பங்குனிப் பாட்டு' என்று நினைவில் வைத்துக்கொள்வது ஏறக்குறையச் சரி. கஜ்ரிக்கு உரிய சாவன் மாதம் நம் ஆடியோடு பெரும்பாலும் ஒட்டிப்போகும், ஆனால் அதிக மாதம் வரும் ஆண்டில் நீளும். 2023இல் சாவன் இரண்டு முறை வந்ததால் ஜூலை 4 முதல் ஆகஸ்ட் 31 வரை 59 நாள் ஓடியது. கஜ்ரி தீஜ் செப்டம்பர் 2க்குத் தள்ளிப்போனது. தேதியைப் பஞ்சாங்கம் பார்க்காமல் போன ஆண்டை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

ஹோரியில் இரண்டு வகை உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதால் கலந்துவிடுவார்கள். ஒன்று துருபத் என்னும் பழைய ஹிந்துஸ்தானிப் பாணிப் பாடகர்கள் தமார் தாளத்தில் பாடுவது; 14 மாத்திரை (தாள எண்ணிக்கை), 5+2+3+4 என்று பிரியும். இன்னொன்று பாவத்துக்கு முதலிடம் தரும் தும்ரி அங்கத்தில், அதாவது தும்ரிப் பாணியில், பாடுவது. இதுவும் 14 மாத்திரைதான், ஆனால் தீப்சந்தி தாளம், 3+4+3+4. முன்னதன் நடை கனமானது, பக்கவாஜ் மத்தளத்தின் துணை கேட்பது. பின்னது வளைந்து நெளிந்து போவது. நாம் இங்கே பேசுவது இரண்டாவதை. காஃபி, கமாஜ் ராகங்கள் இரண்டும் இதன் வீடு. ஊர் பிரஜ பூமி. கண்ணன், ராதை, குலால் பொடி, பீச்சாங்குழல். மொழியும் பெரும்பாலும் பிரஜ பாஷை. வசந்த பஞ்சமிக்குப் பாட ஆரம்பித்து ஹோலியோடு முடித்துக்கொள்வார்கள்.

ஹோலிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையைக் காசியில் புட்வா மங்கல் என்பார்கள். முன்பெல்லாம் கங்கையில் பெரிய பஜ்ரா படகுகளைக் கட்டி, மேடை போட்டு, இரவெல்லாம் பாட்டு நடக்கும். அங்கிருந்துதான் சைத்தியின் காலம் களைகட்டும். ரோஜா இதழ் தூவி, எல்லோரும் இளஞ்சிவப்பு உடுத்திவந்து உட்காரும் குலாப் பாரி சபைகளும் இதே மாதத்தில்தான்.

சைத்தியை அடையாளம் காண ஒரு நிமிடம் போதும். அடியின் கடைசியில் "ஹோ ராமா" என்று வரும். சில பாட்டில் "ஏ ராமா". அடி தொடங்கும்போதே "ராமா" என்று விளித்துத் தொடங்குவதும் உண்டு. இந்த நுனிச் சொல்லுக்கு டேக் என்று பெயர். ராமநவமி இதே மாதத்தில் வருவதால் ராமன் பிறந்த பாட்டுகள் உண்டு என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான சைத்திகளில் ராமனுக்கும் பொருளுக்கும் தொடர்பே இருக்காது: பெண்ணின் நெற்றித் திலகம் தொலைந்துபோனது, விடியற்காலையில் குயில் கூவி உறக்கத்தைக் கெடுத்தது, இலுப்பைப் பூ உதிரும் காலம் வந்தும் கணவன் வரவில்லை என்பதுபோல இருக்கும். அந்த "ஹோ ராமா" பெருமூச்சு. பக்திப் பாட்டு என்று நினைத்துக் கைகூப்பிப் பாடினால் சுவை மாறிவிடும். கரு பெரும்பாலும் பிரிவுதான். அறுவடைக் காலத்து வெயில் ஏற ஆரம்பிக்கும், வயலில் வேலை முடிந்திருக்கும், பிழைப்புக்குக் கிழக்கே கல்கத்தா போனவன் இன்னும் திரும்பியிருக்க மாட்டான்.

தாளத்தில்தான் விஷயம் இருக்கிறது, சற்று நின்று பார்க்கலாம். தீப்சந்தியின் டேகாவை, அதாவது தபலாவில் வாசிக்கும் அடிப்படைச் சொற்கட்டை, தமிழில் எழுதினால் ஓசை வித்தியாசம் தெரியாது என்பதால், ஸ்தோத்திரப் புத்தகங்களில் போடுவதுபோல எண் போட்டு எழுதுகிறேன். எண் போட்டவை இடக்கைக் கும்காரத்தோடு வருபவை, எண் இல்லாதவை அது இல்லாதவை.

தா⁴ தி⁴ன் – | தா⁴ கே³ தின் – | தா தின் – | தா⁴ கே³ தி⁴ன் –

நம் ஆட்கள் இதைக் கேட்டவுடன் "மிஸ்ர சாபு இரண்டு ஆவர்த்தனம்" என்று சொல்லிவிடுவார்கள். எண்ணிக்கை சரி, நடை சரியில்லை. மிஸ்ர சாபுவில் ஒவ்வொரு ஏழும் ஒரே மாதிரி வந்து நிற்கும். இங்கே முதல் ஏழும் இரண்டாவது ஏழும் ஒன்றல்ல. 6ஆம் மாத்திரையில் 'தின்' விழும்போதே இடக்கை அடங்கிவிடுகிறது; 8இல் காலி, அதாவது கனமில்லாத வீச்சு; 10 வரை தரையே இல்லாததுபோல இருக்கும்; 11இல் இடக்கை திரும்ப வந்து தாங்கும். பாடுகிறவர் சொல்லை இழைத்து, மீண்ட் என்னும் வழுக்கலில் தொங்கவிட்டு, 11இல் காலூன்றி ஸமத்துக்கு, அதாவது முதல் மாத்திரைக்கு, வருவது இந்த அமைப்பினால்தான். அதோடு 3, 7, 10, 14 ஆகிய நான்கு மாத்திரையும் வெற்றிடம். கையில் தாளம் போட்டுக்கொண்டே பாடிப் பழகியவர்கள் அந்த நான்கையும் அசைபோட்டு நிரப்பிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிட வேண்டும், மூச்சுக்கும் அங்கேதான் இடம்.

பழகுகிறவருக்கு: முதலில் பாட்டே வேண்டாம். ஓர் ஆவர்த்தனம் எட்டிலிருந்து பத்து வினாடி வரும்படி டேகாவை வாயால் சொல்லுங்கள், ஸமத்தில் மட்டும் ஒரு தட்டு. அது நிலைத்தபின் முக்டாவை, அதாவது பல்லவியின் எடுப்பை மட்டும், திரும்பத் திரும்பப் பாடுங்கள். "ஹோ ராமா" எந்த மாத்திரையில் தொடங்கி எதில் முடிகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்; பாட்டுக்குப் பாட்டு மாறும், ஆனால் ஒரே பாட்டுக்குள் மாறக் கூடாது. அதன்பிறகே போல் பனாவ்: ஒரே சொற்களை ஒவ்வொரு முறையும் வேறு பிடியில் எடுத்து, வேறு பாவத்தில் சொல்வது. நம் சங்கதி போன்றதல்ல இது. சங்கதி ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக ஏறும், முன்கூட்டியே அமைந்திருக்கும். போல் பனாவ் அந்த நேரத்தில் தோன்றுவது. ஏற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கெஞ்சல் ஒரு முறை, கோபம் ஒரு முறை, களைப்பு ஒரு முறை என்று போகும். அந்தராவில், அதாவது பாட்டின் இரண்டாம் பகுதியில், மேல்ஸட்ஜத்தைத் தொட்டு நிற்கும் இடத்தைப் புகார் என்பார்கள், அழைப்பு. திறந்த தொண்டையில் நேராக நிற்க வேண்டும். அங்கே அசைத்தால் அழைப்பு போய்விடும்.

அந்தரா முடிந்ததும் லக்கி. மெதுவான பதினான்கிலிருந்து துள்ளும் கஹர்வாவுக்குத் தாவுவது: தா⁴ கே³ ந தி | ந க தி⁴ ந, எட்டு மாத்திரை. பதினான்கிலிருந்து எட்டுக்கு எப்படிப் போகிறார்கள் என்று கணக்குப் பார்ப்பவர்கள் திகைப்பார்கள். விடை ஜத் தாளத்தில் இருக்கிறது. அதே டேகாவில் மூன்று மாத்திரைப் பகுதிகளை மட்டும் நான்காக இழுத்துப் பாருங்கள்:

தா⁴ – தி⁴ன் – | தா⁴ தா⁴ தின் – | தா – தின் – | தா⁴ தா⁴ தி⁴ன் –

பதினாறு ஆகிவிட்டது. நல்ல தபலா வித்வான் தீப்சந்தியின் மூன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நான்கை நோக்கி நெகிழவிடுவார். காது அறியாமலே பதினான்கு பதினாறாகிவிடும், அதன்பின் கஹர்வா தானாக வந்து பொருந்தும். லக்கி ஓடும்போது கவனம் தபலாவின் மேல். பாடகர் முக்டாவை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பார். முடிவில் ஒரு தீஹாய், அதாவது மூன்று முறை வரும் தீர்மானம். ஸமத்தில் விழுந்ததும் மறுபடி மெதுவான டேகா. கிஷன் மகாராஜ், சாம்தா பிரசாத் (குதயீ மகாராஜ் என்று அறியப்பட்டவர்) போன்ற பனாரஸ் கரானா (இசைப் பரம்பரை) தபலாக்காரர்களின் லக்கியைக் கேட்டால் இந்த வேலையின் அழகு புரியும்.

இங்கே கெடுவது வழக்கமாக ஒன்றே. லக்கியில் பாடகரும் உற்சாகத்தில் ஓட ஆரம்பிப்பார், டேகா திரும்பும்போது பழைய காலப்பிரமாணம் நினைவில் இருக்காது; இரண்டாவது அந்தரா முதலாவதைவிட வேகமாகத் தொடங்கும், மூன்றாவது இன்னும் வேகமாக. கடைசியில் சைத்தி சைத்தியாக இருக்காது. புறப்பட்ட வேகத்துக்கே திரும்ப வேண்டும். லக்கியின்போது மனத்துக்குள் "ஹோ ராமா"வை மெதுவான அளவிலேயே ஓடவிட்டுக்கொண்டிருப்பது உதவும்.

சுருதி பற்றி ஒன்று. இந்த வகைப் பாட்டுகளைப் பல நேரம் மத்யமத்தை ஸட்ஜமாக வைத்துப் பாடுவார்கள். நம்மிடம் செஞ்சுருட்டி, புன்னாகவராளிப் பாட்டுகளுக்கு மத்யம சுருதி வைப்பது இதே காரணத்தால்தான்: பாட்டின் நடமாட்டம் மந்தர ஸ்தாயியில் அதிகம், குரல் எடுபட வேண்டும். அப்போது தம்பூராவில் பஞ்சமக் கம்பியை மத்யமத்துக்கு இறக்கிவிட வேண்டும். இறக்காமல் ஹார்மோனியத்தில் மட்டும் மாற்றிக்கொண்டால், பின்னால் பழைய பஞ்சமம் ஒலித்துக்கொண்டே இருந்து புதிய ஆதாரத்தோடு இடிக்கும். மின்தம்பூரா வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி மறக்கிறார்கள்.

மேடைக்கு வந்த சைத்தி இது. ஊரில் ஆண்கள் கூடிப் பாடுவதைச் சைதா என்பார்கள். போஜ்புரி வழங்கும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கேட்கலாம். இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் டோலக், கைகளில் பெரிய ஜால், அதாவது தாளங்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஒரு வரிசை பாட, மறு வரிசை திருப்பிப் பாடும். வேகம் ஏற ஏற முழங்காலில் எழுந்துவிடுவார்கள். உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிறுத்தி, மறுபடி மெதுவாக அடுத்த அடி. மெதுவும் வேகமும் மாறி மாறி வரும் அந்த ஏற்பாடுதான் மேடையில் தீப்சந்தியும் லக்கியுமாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம். இதன் உறவுக்காரப் பாட்டான சௌதால் ஒப்பந்தக் கூலிகளோடு கப்பலேறி, டிரினிடாட், கயானா, ஃபிஜி வரை போய், இன்றும் பக்வா (அங்கே ஹோலிக்குப் பெயர்) நாட்களில் அங்கே இதே எதிரெதிர் வரிசையில் ஒலிக்கிறது.

கஜ்ரி மழைக்காலத்துக்கு உரியது, மிர்சாபூர் அதன் தாய்வீடு, விந்தியவாசினி அம்மன் காவல். சாவனில் தொடங்கி பாதோன் மாதத்துத் தேய்பிறைத் திரிதியையான கஜ்ரி தீஜில் உச்சம். முந்தின இரவு பெண்கள் கண்விழித்துப் பாடுவதை ரத்ஜகா என்கிறார்கள். வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கைதட்டிப் பாடுவது துன்முனியா கஜ்ரி, பக்கவாத்தியமே தேவைப்படாது. பாட்டில் வருவது அம்மா வீடு, அழைத்துப்போக வரும் அண்ணன், வேப்பமரத்தில் கட்டிய ஊஞ்சல், நாத்தனாரின் கேலி. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதே காலத்தில் புந்தேல்கண்டில் கோதுமை முளைப்பாரி வளர்த்து, ரக்ஷாபந்தனுக்கு மறுநாள் நீரில் கரைக்கிறார்கள். அதற்குக் கஜலியா என்றே பெயர்.

கஜ்ரிக்கும் டேக்தான் அடையாளம்: "அரே ராமா" என்று தொடங்கி "ரே ஹரீ" என்று முடிவது, "ஸாவர் கோரியா" வருவது, வெறும் "நா" என்று முடிவது எனப் பல உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெட்டு. ஊர்க்காரர்கள் மெட்டை டேக்கின் பெயரால்தான் சொல்வார்கள். தாளம் பெரும்பாலும் தாத்ரா (தா⁴ தீ⁴ நா | தா⁴ தூ நா, ஆறு) அல்லது கஹர்வா. சைத்தியைப்போல ஆழத்தில் தொடங்க வேண்டியதில்லை, நடை முதலிலிருந்தே ஊசலாட வேண்டும். தாத்ராவில் ஆறையும் ஒரே கனத்தில் அடித்துப் பாடினால் அணிவகுப்பு ஆகிவிடும். 1இல் கனம், 4இல் லேசு; அந்த வித்தியாசமே ஊஞ்சல்.

மிர்சாபூர் கஜ்ரி நாட்டுப்புறத் தன்மையோடு நிமிர்ந்து போகும். காசிக் கஜ்ரியில் போல் பனாவ் நுழைந்து தும்ரியின் பக்கம் சாயும். இவை தவிர அகாடாக்களின், அதாவது பாட்டுக் குழுக்களின், கஜ்ரி என்று ஒரு தனி உலகம். குரு, சிஷ்ய பரம்பரையோடு அணிகளாகப் பிரிந்து, ஓர் அணி பாட்டில் கேள்வி போட, மற்றது அதே மெட்டில் விடை சொல்லும் போட்டி, தங்கல். உதடு ஒட்டும் எழுத்தே வராமல் பாட்டுக் கட்டுவார்கள், நம் நிரோட்டகம்தான். எழுத்துலகப் பெரியவர்களும் கஜ்ரியைச் சிறிதாக நினைக்கவில்லை. பாரதேந்து ஹரிஷ்சந்திரரும் (1850–1885), மிர்சாபூர்க்காரரான 'பிரேம்கன்' பதரிநாராயண் சௌத்ரியும் கஜ்ரி எழுதியிருக்கிறார்கள்.

ஜூலா சாவனிலேயே ராதை, கண்ணன் ஊஞ்சலுக்குப் பாடுவது. பாரஹ்மாசா பன்னிரண்டு மாதத்துக்கும் மாதத்துக்கொரு கண்ணியாக ஒரு பெண் தன் பிரிவைச் சொல்வது. மழை மாதங்கள் நான்குக்கு மட்டும் பாடினால் சௌமாசா.

யாரைக் கேட்பது? ரசூலன் பாய் (1902–1974), சித்தேஸ்வரி தேவி (1908–1977), கிரிஜா தேவி (1929–2017), இந்த வரிசையில். ரசூலன் பாயிடம் அலங்காரம் குறைவு, சொல்லின் எடை அதிகம். பழைய பதிவின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். சித்தேஸ்வரி தேவியின் புகார் தனி. எம்.எஸ். சுப்புலட்சுமி இவரிடம் ஹிந்துஸ்தானி கற்றவர் என்பது நமக்கு நெருங்கிய தொடர்பு. கிரிஜா தேவி 1949இல் அலகாபாத் வானொலியில் தொடங்கி, சைத்தி, கஜ்ரிக்குப் பெரிய மேடையில் தும்ரிக்குச் சமமான இருக்கை வாங்கிக் கொடுத்தார். பாடம் கற்க இவரே வசதி, உச்சரிப்பு தெளிவு. சொல் புரியாத தொல்லை வேண்டாம் என்றால் பிஸ்மில்லா கானின் ஷெனாயில் சைத்தி, கஜ்ரி மெட்டுகளைக் கேளுங்கள்; டேக் எங்கே விழுகிறது என்று ஷெனாய் இன்னும் துல்லியமாகக் காட்டும்.

நம் பாடகர்கள் துக்கடாவாக இவற்றை எடுக்கும்போது கெடும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, கமகம். கமாஜின் ஸ்வரங்கள் நம் ஹரிகாம்போஜி மேளத்தவை. காஃபியின் ஸ்வரங்கள் கரகரப்ரியாவினுடையவை. ஸ்வரம் ஒன்றுதான் என்ற தைரியத்தில் காந்தாரத்தை அசைத்துவிடுகிறோம். அசைக்கக் கூடாது. நேராக நிறுத்தி, பக்கத்து ஸ்வரத்தை ஒரு 'கண்' (நொடித் தீண்டல்) வைத்துத் தொட்டு, முர்க்கியில், அதாவது விரைவான சிறு சுழிப்பில், சுருக்கமாகத் திரும்ப வேண்டும். முர்க்கியும் நிறையப் போட்டால் பஞ்சாப் அங்கம் (பஞ்சாப் பாணி) ஆகிவிடும். காசியின் பூரப் (கிழக்கு) அங்கம் பொறுமையானது. இரண்டாவது, உச்சரிப்பு. சாகித்யத்தை எண் போடாத தமிழில் எழுதிவைத்துப் பாடினால் வர்க்க எழுத்து எல்லாம் ஒன்றாகிவிடும். மூன்றாவது, நான்காவது எழுத்துக்காவது எண் போடுங்கள். அதோடு போஜ்புரிச் சொல்லைப் புத்தக ஹிந்தியாக 'திருத்தாதீர்கள்'. கோயல் அங்கே கோயிலியா, நீந்த் அங்கே நிந்தியா. அந்தக் கூடுதல் அசை மாத்திரைக் கணக்கில் சேர்ந்தது. திருத்தினால் முக்டா அரை மாத்திரை முன்னால் போய் ஸமத்தில் இடிக்கும்.

மார்கழிக் கச்சேரியில் கஜ்ரி பாடுவதைப் பற்றி என் கருத்து கறாரானது: வேண்டாம். தடை ஒன்றும் இல்லைதான், தபலாக்காரர் வாசிப்பார், சபையும் கைதட்டும். ஆனால் முதல் மழைக்காகக் காத்திருக்கும் ஊரில் ஊஞ்சல் கட்டும் பாட்டை டிசம்பரில் பாடும்போது பாதிப் பொருள் உதிர்ந்துவிடுகிறது. அந்த மாதத்துக்குத் தும்ரியோ, பருவம் பேசாத தாத்ரா வகைப் பாட்டோ இருக்கவே இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் கச்சேரி என்றால் ஹோரி, ஹோலி கழிந்து ராமநவமி வரை சைத்தி, ஆடிக் கச்சேரிக்குக் கஜ்ரி. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு லக்கிக்கும் அதிலிருந்து திரும்பி வருவதற்கும் இடம் இருக்காது. பைரவியில் முடிப்பதாக இருந்தால் அதற்கு முந்தின உருப்படியாக வையுங்கள். மிருதங்கம் மட்டும் இருக்கும் மேடை என்றால், தீப்சந்தியின் 6 முதல் 10 வரை தொப்பியை (இடப்பக்கத்தை) தொட வேண்டாம் என்று ஒத்திகையிலேயே வித்வானிடம் சொல்லிவிடுங்கள்.